மாமாவும் நானும் ஒரு குளமும்

மாமனாரும் மருமகளும் பேசிக்கொள்வதற்கு எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களில் மொத்தமே நாலைந்து விஷயங்கள்தான் உண்டு. காப்பி தரட்டுமா, மாத்திரை போட்டுக்கொண்டீர்களா, கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா, சின்னவனுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்ற கேள்விகளையும் அவற்றுக்குரிய ஒற்றைச் சொல் பதில்களையும் வைத்துக்கொண்டே ஓர் ஆயுளை ஓட்டிவிடலாம், ஓட்டியவர்கள் ஏராளம். பகை என்று எதுவும் இருக்காது, மரியாதைக்கும் குறைவிருக்காது. ஆனாலும் ஒரே கூரையின் கீழ் வாழும் இரண்டு பேர் ஒருவரைப் பற்றி ஒருவர் ஏறத்தாழ எதுவுமே தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட முடியும் என்பதற்கு இந்த உறவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மாமாவும் நானும் அப்படித்தான் இருந்தோம். அந்த நிலை மாறியதற்குக் காரணம், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஒரு குளமும் அதில் வந்து இறங்கும் பறவைகளும்தான்.

தொடக்கத்தில் பறவை பார்ப்பது எங்கள் திட்டத்திலேயே இல்லை. மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. தினமும் முக்கால் மணி நேரமாவது நடக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த புதிது என்பதால் அவரைத் தனியாக அனுப்ப அத்தைக்கு மனம் வரவில்லை. என் கணவர் விடிவதற்கு முன்பே தூத்துக்குடிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை பார்க்கும் நான்தான் மிச்சம். தெருவில் நடப்பதென்றால் நாய்களுக்கும் மினி பஸ்களுக்கும் இடம் விட்டு நடக்க வேண்டியிருந்ததால், பாளையங்கால்வாய்த் தண்ணீர் வந்து சேரும் குளங்களில் ஒன்றான அந்தக் குளத்தின் கரையைத் தேர்ந்தெடுத்தோம். கரைமேல் மண்பாதை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், இடையில் இரண்டு மடை, கடைசியில் மிகுந்த தண்ணீர் வெளியேறும் மறுகால். முதல் சில வாரங்கள் அவர் முன்னாலும் நான் பத்தடி பின்னாலுமாக, கோயில் பிரகாரம் சுற்றுகிறவர்களைப் போல நடந்து திரும்பினோம்.

பைனாகுலர் ஒன்று கைக்கு வந்த பிறகுதான் இருவரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. என் தம்பி பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது எடுத்து வந்து, எங்களிடமே விட்டுச்சென்றது அது. அதன்மேல் எட்டுக்கு நாற்பத்திரண்டு என்று பொறித்திருக்கும். உருவத்தை 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். கடையில் 10 மடங்குதான் உயர்ந்தது என்று சொல்லி விற்பார்கள். வயதானவர்களுக்கு 8 மடங்கே நல்லது, ஏனென்றால் கருவி பறவையைப் பெரிதாக்கும்போது கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். இருப்பது ஒன்று, பார்க்க வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பார்க்கும்போது மற்றவர் அருகில் நின்று வெறுங்கண்ணால் பார்த்து வழி சொல்ல வேண்டும்: பட்டுப்போன கருவேல மரத்துக்கு இடப்பக்கம், அங்கிருந்து இரண்டு பனை தள்ளி, தண்ணீர் மட்டத்தில், இப்போது வலப்பக்கம் நகர்கிறது. தெளிவாக இடம் சொல்லத் தெரியாதவரோடு பறவை பார்க்கப் போவது வீண்வேலை. மாமா மிக நன்றாக இடம் சொல்வார். பதினெட்டு ஆண்டுகளாக எனக்கு மாமனாராக இருப்பவர் என்னிடம் தொடர்ச்சியாக நாலு வாக்கியம் பேசியது அந்தக் கரையில்தான்.

அவர் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது எனக்குத் தெரியும். சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மடைவாயில் தூண்டில் போட்டு வளர்ந்தவர் என்பது தெரியாது. நான் கையேட்டைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடிப்பேன். அவர் அந்தப் பறவை அடுத்து என்ன செய்யும் என்று சொல்வார். முக்குளிப்பான் மூழ்கினால் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் தள்ளி எழும்பும் என்று விரலை நீட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார், பெரும்பாலும் அங்கேதான் எழும்பும். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வரும்போது நாமக்கோழிகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கருப்புத் திட்டாகச் சேர்ந்துகொள்ளும் என்பதையும், பருந்து வருவது நமக்குத் தெரியும் முன்னரே அந்தத் திட்டைப் பார்த்து அதன் வருகையை அறியலாம் என்பதையும் அவர்தான் காட்டினார். எண்ணிக்கை எடுப்பதில் அவருடைய காசாளர் கை அப்படியே இருக்கிறது. கூட்டமாகக் கிடக்கும் பறவைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கண்ணால் அளந்துகொண்டு, அந்த அளவைக் கூட்டம் முழுவதன்மேலும் நகர்த்திச் செல்ல வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் எல்லோரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள் என்று பிறகு அறிந்தேன். மாமாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நோட்டைக் கட்டுக்கட்டாகப் பார்த்துப் பழகிய கண் அது.

எங்கள் குளத்தில் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் தென்படுவது நத்தைகுத்தி நாரை. மங்கலான வெள்ளை உடம்பு, கருப்பு இறக்கை, அலகை மூடிய பிறகும் நடுவில் ஒளி ஊடுருவும் ஓர் இடைவெளி. குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். ஒரு நாள் காலை, மடைக்கு மிக அருகில் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. கலங்கிய தண்ணீருக்குள் அலகை விட்டுத் துழாவித் துழாவி ஒரு நத்தையைப் பிடித்ததும், அதை வெளியே தூக்கவில்லை. மேல் அலகால் தரையோடு சேர்த்து அமுக்கி, கூரான கீழ் அலகின் நுனியை நத்தை தன் வாயை அடைத்துக்கொள்ளும் மூடிக்கும் ஓட்டுக்கும் இடையில் செருகி, தலையைச் சிறுசிறு உதறலாக அசைத்தது. சற்று நேரத்தில் சதை மட்டும் அலகில் வந்தது, விழுங்கிவிட்டு நகர்ந்துவிட்டது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, அது நின்ற இடத்தில் கையை விட்டு ஓட்டை எடுத்து வந்தார். ஓடு உடையவே இல்லை, வாய்ப்பகுதியின் ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அலகின் இடைவெளி பாக்குவெட்டிபோல் ஓட்டை நொறுக்குவதற்காக அமைந்தது என்று அதுவரை நினைத்திருந்தவர், அந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உடைக்கவே இல்லியே, சதைய அறுத்துல்லா எடுத்திருக்கு" என்றார். அந்த ஓடு இன்னமும் வீட்டு டிவி ஸ்டாண்டில் இருக்கிறது. அத்தைக்கு அதில் உடன்பாடு கிடையாது.

இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் பேச்சு வளர்ந்தது என்று சொல்லிவிட்டால் அது பாதி உண்மைதான். என் அனுபவத்தில் முக்கியமானது பேச்சு அல்ல, மறுப்பு. எங்கள் வீட்டில் மாமனார் ஒன்று சொன்னால் மருமகள் "சரி மாமா" என்பாள். மனதுக்குள் சரியில்லை என்று தோன்றினால் கணவரிடம் சொல்லி, கணவர் அத்தையிடம் சொல்லி, அத்தை நேரம் பார்த்து அவரிடம் சொல்லி, பதில் அதே வழியில் திரும்பி வரும். குளத்தில் இந்த வழி உதவாது. சேற்றோரத்தில் மெலிந்த உள்ளான் ஒன்று நிற்கிறது. மாமா அதைப் பச்சைக்காலி என்கிறார், எனக்கு அது சதுப்பு உள்ளான் என்று படுகிறது. இரண்டும் சாம்பல் முதுகும் வெள்ளை வயிறும் பசுமை கலந்த கால்களும் உடையவை. பச்சைக்காலி சற்றே பெரியது, அலகு தடித்து நுனியில் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். சதுப்பு உள்ளானின் அலகு ஊசிபோல நேராக இருக்கும். பறவை பறந்துவிடுவதற்குள் சொல்லியாக வேண்டும். "இல்ல மாமா, அலகப் பாருங்க" என்று நான் சொன்னதுதான் அவருடைய முகத்துக்கு நேராக நான் சொன்ன முதல் "இல்லை". அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். அது கிளம்பிப் பறந்தபோது மும்முறை கணீரென்று கத்தியது, அது பச்சைக்காலியின் குரல். "கேட்டியாம்மா?" என்று சிரித்தார்.

எங்களுக்கிடையில் தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆளாக ஒரு பறவை நிற்கிறது என்பதால், அங்கே யார் பெரியவர் என்ற கேள்விக்கு வேலை இல்லாமல் போகிறது. அலகு நேராக இருந்தால் நேராகத்தான் இருக்கும், யார் சொன்னாலும் அது வளையாது. இந்தப் பழக்கம் மெல்ல வீட்டுக்குள்ளும் வந்தது. என் மகள் பிளஸ் டூ முடித்ததும் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கப் பிரியப்பட்டாள். மாமா ஊரிலேயே நல்ல கல்லூரிகள் இருக்கும்போது எதற்கு என்று சொல்லிவிட்டார். முன்பென்றால் அந்தச் செய்தி நான்கு பேர் வாய் வழியாகப் போய் வந்து, கடைசியில் எல்லோருக்கும் மனவருத்தமாக முடிந்திருக்கும். இம்முறை நான் கரையில் வைத்தே, அவரைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தபடி, எனக்கு அதில் உடன்பாடில்லை என்று சொல்லி என் காரணங்களையும் சொன்னேன். அவர் தம் காரணங்களைச் சொன்னார். அவற்றில் ஒன்று நான் எதிர்பாராதது: அவருடைய தங்கை விடுதியில் படித்தபோது மஞ்சள் காமாலை வந்து வீட்டுக்கு எழுதாமலே பல நாள் கிடந்தது. அந்தப் பயம் நாற்பதாண்டுகளாக அவரிடம் இருந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் அதை அவர் சொன்னதில்லை. மகள் சென்னைக்குத்தான் போனாள். தினமும் இரவு எட்டரை மணிக்குத் தாத்தாவிடம் பேச வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு போனாள், அதை இதுவரை முணுமுணுத்துக்கொண்டே நிறைவேற்றி வருகிறாள்.

முகத்துக்கு முகம் உட்கார்ந்து "மனம் விட்டுப் பேசுவது" என்று இப்போது பலரும் அறிவுரை சொல்கிறார்கள். அது நம் குடும்ப அமைப்பில், குறிப்பாக இரண்டு தலைமுறைகளுக்கு நடுவே, எளிதில் கைகூடும் காரியமாக எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்று வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவே பேச்சு தானாக வருகிறது, வராவிட்டாலும் குற்றமில்லை.

உடல்நலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் கைபேசிச் செயலி ஒன்றின் வழியாக 1,292 பேரிடம் அன்றாட மனநிலையைக் கேட்டுத் தொகுத்து, 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பறவையைப் பார்த்த அல்லது அதன் குரலைக் கேட்ட வேளைகளில் மனநிலை மேம்பட்டிருந்ததாகவும், அந்த நன்மை எட்டு மணி நேரம் வரை நீடித்ததாகவும், மனச்சோர்வு கண்டறியப்பட்டவர்களிடமும் இது காணப்பட்டதாகவும் அதில் தெரியவந்தது. நான் இதை மறுக்கவில்லை. ஆனால் மருந்துச் சீட்டுபோலப் பறவைகளைப் பரிந்துரைப்பது எனக்கு உவப்பாக இல்லை. மாமாவின் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது. அதற்கு நடையும் மாத்திரையும் இரவுச் சாப்பாட்டில் அத்தை வைத்த கட்டுப்பாடும் காரணம். குளத்தினுடைய பங்கு என்னவென்றால், அவர் நடக்க மறுப்பதில்லை என்பது மட்டுமே. அதுவே பெரிய பங்கு.

ஒரே குளத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது சலிக்காதா என்று கேட்கிறார்கள். அது ஒரே குளமாக இருந்தால்தானே சலிக்கும்? தென்மேற்குப் பருவமழை கைகொடுத்து, கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணை திறந்தால் கால்வாயில் தண்ணீர் வரும். அப்போது நடவு வயலில் உண்ணிக்கொக்கும் அரிவாள்மூக்கனும் டிராக்டரின் பின்னாலேயே நடக்கும். செப்டம்பரில் மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக வந்து உட்காரும். அதன்பின் உள்ளான்கள், வாலாட்டிகள், வடக்கு ஆசியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் நீலச்சிறகிகள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து குளம் பெருகி மறுகால் பாயும்போது, பாய்ச்சலின் கீழே மீனுக்காக மடையானும் நீர்க்காகமும் மனிதர்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். பிசான நெல் கதிர் பிடிக்கும் நேரத்தில் சூறைக்குருவிக் கூட்டங்கள் மாலை வானத்தில் புகைபோலத் திரும்பும். இவை மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வருபவை. பங்குனி முடிவதற்குள் வந்தவை பெரும்பாலும் கிளம்பிவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. பக்கத்து மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பகுதி மூழ்கியது. பல குளங்கள் உடைந்தன. எங்கள் குளம் உடையவில்லை, தளும்பி நின்றது. தண்ணீர் நிறைந்திருந்தால் பறவைகளும் நிறைந்திருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அந்தப் பருவத்தில் கரையோரத்தில் ஓர் உள்ளான்கூட நிற்கவில்லை. காரணம் எளியது: உள்ளானின் கால் அரையடிகூட இருக்காது. அதற்கு வேண்டியது ஆழமான தண்ணீர் அல்ல, கணுக்கால் நனையும் சேறு. நெடுங்கால் உள்ளானுக்கே ஒரு சாண் ஆழத்துக்கு மேல் மேய முடியாது. தை, மாசியில் தண்ணீர் வற்றி விளிம்பில் சேறு தெரியத் தொடங்கிய பிறகுதான் அவை ஒவ்வொன்றாக வந்தன.

இதனால்தான் குளங்களை "அழகுபடுத்தும்" திட்டங்களைக் கேள்விப்படும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தூர்வாருவது அவசியம், அதில் இரண்டு கருத்தில்லை; ஆகாயத்தாமரையை அகற்றுவதும் அவசியம். ஆனால் சரிவான மண்கரையைச் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, சுற்றிலும் நடைபாதையும் விளக்கும் போட்டு, குளத்தை முழுக்க ஒரே ஆழமாகத் தோண்டிவிட்டால் அது தண்ணீர்த் தொட்டியாகுமே ஒழியக் குளமாக இருக்காது. சம்புப் புதர் குப்பை என்று தோன்றும், அதற்குள்தான் நீலத் தாழைக்கோழி கூடு வைக்கிறது. குளம் வற்றிய ஆனி மாதத்து வெடித்த தரை வெறுமை என்று தோன்றும். அங்கேதான் ஆள்காட்டி நாலு முட்டையை மண்ணாங்கட்டிகளுக்கு நடுவில் மண்ணாங்கட்டியாக வைத்துவிட்டு, நாம் நெருங்கினால் தலைக்குமேல் கத்திச் சுற்றுகிறது. உண்மையான குப்பை வேறே இருக்கிறது: இரவில் யாரோ மறுகாலோரம் கொட்டிவிட்டுப் போகும் கோழிக் கழிவு மூட்டைகள். அவற்றைப் பற்றி மாமா தாமாகவே மனு எழுதி, அழகான கையெழுத்தில் படியெடுத்துக் கொடுத்து வருகிறார். மனுவுக்குப் பிறகு சில வாரம் நிற்கும், மறுபடி தொடங்கும், அவர் மறுபடி எழுதுவார்.

அத்தை குளத்துக்கு வருவதில்லை. முழங்கால் வலி ஒரு காரணம், "அந்தக் கொசுக்கடில என்ன இருக்கு" என்பது இன்னொரு காரணம். ஆனால் திரும்பியதும் காப்பியைக் கொடுத்துவிட்டு, இன்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று விசாரிக்காமல் இருக்க மாட்டார். நீளவால் இலைக்கோழியைப் பற்றி நாங்கள் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீண்ட விரல்களை அகட்டி வைத்து மிதக்கும் இலைகள்மேல் நடக்கும் பறவை அது. அவ்வினத்தில் பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் வேலை. ஒரே பருவத்தில் ஒரு பெண் பல ஆண்களுக்கு முட்டையிட்டுக் கொடுக்கும். நாங்கள் பார்த்த ஆண், ஆபத்து என்று தோன்றியதும் இறக்கையைத் தாழ்த்திக் குஞ்சுகளை உள்ளே அணைத்துக்கொண்டு நின்றது. அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாமாவின் பக்கம் திரும்பி, "நல்லாப் பாத்துட்டு வந்தீங்கள்லா?" என்று மட்டும் கேட்டார். மாமா அன்று முதல் காப்பி டம்ளரைத் தாமே கழுவி வைக்கிறார். பறவையால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அன்று முதல்தான்.

வெளியூர்ப் பயணமும் இதனால் எங்களுக்கு வாய்த்தது. திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகச் சுமார் 38 கிலோமீட்டரில் கூந்தன்குளம் இருக்கிறது. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவிப்பு வந்தது. அங்கே வியப்பு குளத்தில் அல்ல, ஊருக்குள் இருக்கிறது. மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டியிருக்கும். கீழே துணி காயும், ஆடு கட்டியிருக்கும், எச்சம் விழுந்த வாசலை ஒரு பெண் அலுத்துக்கொள்ளாமல் கூட்டிக்கொண்டிருப்பார். பறவைகள் மிரளும் என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த வண்டலைக் கோடையில் வயலுக்கு உரமாக எடுத்துக்கொள்கிறார்கள். குளத்தின் தூரத்து விளிம்பில் வரித்தலை வாத்துகள் கூட்டமாக இருந்தன. மங்கோலியாவிலும் திபெத்தியப் பீடபூமியிலும் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருபவை; செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது ஒன்று 7,290 மீட்டர் உயரம் வரை பறந்தது பதிவாகியிருக்கிறது. மாமா வெகு நேரம் பைனாகுலரைத் தரவே இல்லை. இன்னொரு முறை முக்கூடலுக்கு மேற்கே திருப்புடைமருதூர் போனோம். தாமிரபரணியோடு கடனா நதி கூடும் இடத்தில், நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய பெரிய மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. ஊர்மக்களின் முயற்சியால் 2005-இல் அது நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவிக்கப்பட்டது. பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை.

இவ்வளவு சொன்னாலும், அரிய பறவை வந்திருக்கிறது என்று செய்தி கேட்ட உடனே காரை எடுத்துக்கொண்டு நானூறு கிலோமீட்டர் ஓடி, படம் எடுத்து, பட்டியலில் ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டு திரும்பும் போக்கோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. கூட்டுக்கு மிக அருகில் போய்ப் படமெடுப்பவர்களை நேரில் பார்த்த பிறகு அந்தக் கசப்பு கூடியிருக்கிறது. பட்டியல் எழுதுவதில் தவறில்லை, நாங்களும் எழுதுகிறோம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஈபேர்ட் தளத்தில், எந்தக் குளத்தில் எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் எதையெல்லாம் எத்தனை பார்த்தோம் என்று பதிவிடலாம். அரியதை ஒரு முறை பதிவதைவிடக் காக்கையையும் மைனாவையும் விடாமல் எண்ணிப் பதிவதற்கே அங்கே மதிப்பு அதிகம். ஓரிடத்தில் எது குறைகிறது, எது கூடுகிறது என்று அதிலிருந்துதான் தெரியவரும். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கல் விடுமுறை நான்கு நாட்களில், மொட்டை மாடியில் நின்றபடியே 15 நிமிடம் எண்ணினாலும் போதும். தாமிரபரணிப் படுகைக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்கள் ஜனவரி வாக்கில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். அதில் கலந்துகொண்டபோது மாமாவின் கணக்கும் கல்லூரி மாணவர்களின் கணக்கும் பெரிய வேறுபாடு இல்லாமல் வந்தன. திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அவருக்குக் கண் இப்போது தெளிவாக இருக்கிறது, காது மங்கி வருகிறது. வயதானால் முதலில் போவது உச்சத்தில் ஒலிக்கும் மெல்லிய குரல்கள்தான். குக்குறுவானும் செம்போத்தும் அவருக்கு நன்றாகக் கேட்கின்றன. பூக்கொத்தியின் டிக்டிக் ஒலி கேட்பதில்லை. என் கைபேசியில் மெர்லின் செயலி குரலைப் பிடித்துப் பெயரைத் திரையில் காட்டும்போது, எங்கே, எனக்குக் கேட்கவில்லையே என்று முதலில் அதை நம்ப மறுத்தார். இப்போது வேலையைப் பிரித்துக்கொண்டுவிட்டோம்: மரத்துக்குள் இருப்பது என் பொறுப்பு, தண்ணீர்மேல் இருப்பது அவர் பொறுப்பு. காதுக்குக் கருவி வைக்கலாம் என்று கரையில் வைத்து நான் சொல்லிப் பார்த்தேன். "இல்லம்மா" என்றார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஓரிரண்டு வார்த்தை. கேமராவை வாங்காதீர்கள், பைனாகுலரை வாங்குங்கள்; அதையும் முதல் மாதமே வாங்க வேண்டாம். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் பைனாகுலரின் கண்பகுதி ரப்பரை மடக்கிவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் காட்சி குறுகிவிடும். விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் போங்கள், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், சிவப்பும் வெள்ளையும் உடுத்தாதீர்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களில் ஏதாவது ஒரு குளமோ ஏரியோ கண்மாயோ நடந்துபோகும் தூரத்தில் இருக்கும். இணையத்தில் தேட வேண்டாம், ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள். கரையில் சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், ஆகையால் கட்டாயம் ஷூ போட்டுக்கொண்டு போங்கள். மாமாவைப் போல் கழற்றிவிட்டு இறங்குவதெல்லாம் மடைவாயில் வளர்ந்தவர்களுக்கு மட்டும்.